சரித்திரப் பாடத்தில் இடம்பெறாதவர்கள்

சரித்திரம் என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் பெரும்பாலோருடைய மனக்கண்முன் தோன்றுவது பள்ளிக்கூடத்து வகுப்பறையும், அங்கே மனப்பாடம் செய்த ஆண்டுக் கணக்கும்தான். இன்ன அரசன் இன்ன ஆண்டில் பட்டமெய்தினான். இன்ன போரில் வென்றான். இன்ன கோட்டையைக் கட்டினான். அவனுக்குப்பின் அவன் மகன் வந்தான். ஆங்கிலேயர் காலம் வந்ததும் அரசர்களின் வரிசை நின்று, கவர்னர் ஜெனரல்களின் வரிசை தொடங்கியது. விடுதலைப் போராட்டம் வந்ததும் தலைவர்களின் வரிசை வந்தது. இவையெல்லாம் பொய்யல்ல, அறிய வேண்டாதனவும் அல்ல. ஒரு நாட்டின் வரலாற்றில் ஆட்சிக்கும் போருக்கும் உள்ள இடத்தை யாரும் மறுக்க முடியாது.

ஆனால் ஒன்றை நாம் எண்ணிப்பார்ப்பதில்லை. அந்தப் பாடத்தைப் படிக்கும் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோருடைய முன்னோர்கள் அந்த வரிசைகளில் எங்கும் இல்லை. உழுதவர்கள், நெய்தவர்கள், மண் சுமந்தவர்கள், சேரியில் ஒதுக்கி வைக்கப்பட்டவர்கள், மலையிலும் காட்டிலும் வாழ்ந்தவர்கள், எல்லாக் குலங்களிலும் வீட்டுக்குள்ளேயே வாழ்ந்து மறைந்த பெண்கள் ஆகிய இவர்கள் பாடபுத்தகத்தில் வருவார்களானால், 'மக்கள்' என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கி வருவார்கள். 'மக்கள் வரிச்சுமையால் வருந்தினர்' என்றோ, 'மக்கள் செழிப்புடன் வாழ்ந்தனர்' என்றோ ஒரு வாக்கியம் இருக்கும். அடுத்த வாக்கியத்தில் அரசன் திரும்பி வந்துவிடுவான்.

இதற்குக் காரணம் என்னவென்று கேட்டால், பலரும் ஒரே விடையைச் சொல்வார்கள். 'அரசர்கள் கல்வெட்டையும் செப்பேட்டையும் விட்டுச்சென்றார்கள். ஏழை எளியவர்கள் எதையும் விட்டுச் செல்லவில்லை. சான்று இல்லாதபோது சரித்திரம் எழுதுவது எப்படி?' என்பார்கள். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இந்த விடை பெரும்பாலும் உண்மையல்ல என்பதே நான் இங்கே சொல்ல விரும்புவது. சான்றுகள் பல இருக்கின்றன. அவற்றை எடுத்து வகுப்பறைக்குக் கொண்டுவரத் தான் நாம் தவறினோம்.

முதலில், சென்ற நூற்றாண்டின் பெரும் நிகழ்ச்சியொன்றைப் பார்ப்போம். 1914-ஆம் ஆண்டு தொடங்கிய முதல் உலகப் போரில் இந்தியாவிலிருந்து 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கடல் கடந்து சென்றனர். போர் வீரர்களோடு, சமையற்காரர்கள், தண்ணீர் சுமப்போர், கோவேறு கழுதை ஓட்டுவோர், காயமுற்றோரைத் தூக்கிச் செல்வோர், துப்புரவு செய்வோர் ஆகியோரும் அத்தொகையில் அடங்குவர். 1917-இல் நாகர் மலைகளிலிருந்தும் லுஷாய் மலைகளிலிருந்தும் கூலிப் படைகளில் சேர்ந்து பிரான்சுக்குச் சென்றவர்களும் உண்டு. இவர்களில் மிகப் பலர் அன்று மெசபொடேமியா என வழங்கிய, இன்றைய இராக் நாட்டில் மடிந்தனர். புதைகுழி இன்னதென்று தெரியாமற் போனவர்களுக்காகப் பாஸ்ரா நகருக்கருகில் ஒரு நினைவுச் சின்னம் எழுப்பப்பட்டு, 1929-இல் திறந்து வைக்கப்பட்டது. பிரிட்டிஷ் சிப்பாய்களுடைய பெயர்களும், இந்திய அதிகாரிகளின் பெயர்களும் அதன் கற்களில் பொறிக்கப்பட்டன. சாதாரண இந்தியச் சிப்பாய்களுக்கோ பெயர் பொறிக்கப்படவில்லை. இன்ன படைப்பிரிவில் இத்தனை பேர் என்று எண்ணிக்கை மட்டும் பொறிக்கப்பட்டது.

அவர்களுடைய பெயர்கள் அன்று தெரியாமற் போய்விட்டனவா? இல்லை. போரில் மடிந்தோரின் நினைவுச் சின்னங்களைப் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமே இது குறித்து விசாரித்து, 2021-ஆம் ஆண்டு ஏப்ரலில் ஓர் அறிக்கை வெளியிட்டது. இந்தியர், கிழக்கு ஆப்பிரிக்கர் முதலிய பல இனத்தவருள் 45,000 முதல் 54,000 பேர் வரை சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டனர் என்று அவ்வறிக்கை ஒப்புக்கொண்டது. அவர்களில் ஒரு பகுதியினரின் பெயர்கள் பதிவேடுகளில் எழுதப்பட்டிருந்தன. கல்லில் மட்டும் ஏறவில்லை. ஆணையம் வருத்தம் தெரிவித்து மன்னிப்பும் கேட்டது. பெயர் பதிவேட்டில் இருந்தும், யாரோ ஓர் அதிகாரி ஒரு மேஜையருகில் அமர்ந்து, 'இவர்களுக்கு எண்ணிக்கை போதும்' என்று தீர்மானித்த காரணத்தால், தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் அவர்கள் வெறும் எண்ணாகவே நின்றார்கள்.

நம்முடைய பாடபுத்தகங்களிலும் இதே தீர்மானம் வேறு உருவத்தில் நடந்துகொண்டே வந்திருக்கிறது. ஒரு நூறு பக்கத்துக்குள் பல நூற்றாண்டுகளை அடக்க வேண்டும். எதை விடுவது, எதை வைப்பது என்று யாரோ ஒருவர் முடிவு செய்கிறார். பரீட்சையில் ஒரு வரியில் விடை எழுதக்கூடியதாக இருப்பது உள்ளே வருகிறது. பெயரும் ஆண்டும் ஒரு வரியில் அடங்கும். ஒரு குடியானவனுடைய கடன் தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கிய கதை ஒரு வரியில் அடங்காது. ஆகவே அது வெளியே போகிறது. இதில் யாருடைய தீய எண்ணமும் இருக்க வேண்டுமென்பதில்லை. பழக்கம் ஒன்றே போதும்.

சான்று கல்லில் ஏறியும் நாம் படிக்கத் தவறியதற்குத் தஞ்சைப் பெரிய கோயிலே எடுத்துக்காட்டு. அக்கோயிலைக் கட்டியவன் முதலாம் இராஜராஜன் என்பது எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் அதே கோயிலின் சுவர்களில், பல ஊர்க் கோயில்களிலிருந்து கொண்டுவந்து குடியமர்த்தப்பட்ட 400 ஆடல் மகளிருடைய பெயர்களும் வெட்டப்பட்டிருக்கின்றன. ஒவ்வொருத்தியும் எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், எந்தத் தெருவில் எத்தனையாவது வீட்டில் இருந்தாள், அவளுக்குரிய பங்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல் என்பதெல்லாம் அங்கே கணக்காக இருக்கின்றன. தையற்காரர், குயவர், வண்ணார், நாவிதர் முதலியோருடைய பங்குகளும் குறிக்கப்பட்டுள்ளன. தலைமைச் சிற்பியான குஞ்சரமல்லன் இராஜராஜப் பெருந்தச்சனின் பெயரும் உண்டு. கோயிலுக்கு அளிக்கப்பட்ட ஊர்களின் நிலத்தைக் கணக்கிடும்போது, வரியில்லாமல் நீக்கிய நிலங்களில் குளம், வாய்க்கால், சுடுகாடு ஆகியவற்றோடு பறைச்சேரியும் கம்மாணச்சேரியும் சேர்த்துச் சொல்லப்படுகின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே சேரி ஊரிலிருந்து தனித்து நின்றது என்பதற்கு இதனினும் வெளிப்படையான சான்று வேறென்ன வேண்டும்? இக்கல்வெட்டுகளின் வாசகம் அச்சேறி நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. இருந்தும் தஞ்சைக் கோயிலைப் பற்றிய பாடத்தில் விமானத்தின் உயரம் வருகிறது, சேரி வருவதில்லை.

கல்வெட்டுக் காலத்தை விட்டு, காகிதக் காலத்துக்கு வந்தால் சான்றுகள் இன்னும் பெருகுகின்றன. வங்காளத்தில் 1859-ஆம் ஆண்டு அவுரிக் குடியானவர்கள் கிளர்ந்தெழுந்தனர். அவுரி என்பது நீலச் சாயம் தரும் செடி. ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் குடியானவனுக்கு முன்பணம் கொடுத்து, அவனுடைய நல்ல நிலத்தில் நெல்லுக்குப் பதிலாக அவுரியை விதைக்கக் கட்டாயப்படுத்தினர். விளைச்சலுக்குக் கிடைத்த விலையால் முன்பணம் தீரவே தீராது. கடன் கணக்கில் நின்று, அடுத்த ஆண்டும் அவுரியே விதைக்க வேண்டியதாகும். தந்தை இறந்தால் மகன் விதைக்க வேண்டும். மறுத்தவன் தோட்டக்காரருடைய அடியாட்களுக்கு அஞ்சி வாழ வேண்டியிருந்தது. குடியானவர்கள் ஊர் ஊராகக் கூடி, இனி விதைப்பதில்லை என்று உறுதி செய்துகொண்டபோது, அரசாங்கம் 1860-இல் ஒரு விசாரணைக் கமிஷனை நியமித்தது.

அக்கமிஷன் 134 பேரை விசாரித்தது. அவர்களில் 77 பேர் குடியானவர்கள். கேள்வியும் விடையுமாக அவர்களுடைய சாட்சியம் அச்சிடப்பட்டிருக்கிறது. ஹாஜி முல்லா என்னும் குடியானவரிடம், என்ன நிபந்தனை வைத்தால் அவுரி விதைக்கச் சம்மதிப்பீர் என்று கேட்டார்கள். எந்த நிபந்தனையும் தமக்குத் திருப்தி தராது என்றார் அவர். விலையை உயர்த்தித் தந்தாலுமா என்று மீண்டும் கேட்டார்கள். அவுரி விதைப்பதைவிட வேற்று நாட்டுக்குப் போய்விடுவதும், பிச்சை எடுப்பதும் மேல் என்ற கருத்தில் அவர் விடையளித்தார். வெள்ளைக்கார அதிகாரிகள் சுற்றி அமர்ந்திருக்க, எழுத்தறிவு பரவாத காலத்துக் குடியானவர் ஒருவர் இவ்வாறு பேசினார். அவுரி விதைப்பதில் குடியானவருக்கு லாபமில்லை என்ற முடிவுக்குக் கமிஷன் வந்ததும், வங்காளத்தில் அவுரித் தொழில் சரிந்ததும் இத்தகைய சாட்சியங்களின் பின்னரே.

தோட்டக்காரர்கள் பீகாரில் தொழிலைத் தொடர்ந்தனர். 1917-இல் காந்தியடிகள் சம்பாரண் சென்றார் என்பது எல்லாப் பாடநூல்களிலும் உள்ள செய்தி. அங்கே அவர் முதலில் செய்த காரியம் என்ன? ஆயிரக்கணக்கான குடியானவர்களை ஒவ்வொருவராக வரச்செய்து, அவரவர் குறையை அவரவர் வாய்மொழியாகக் கேட்டு, தம்மோடு வந்த வழக்கறிஞர்களைக் கொண்டு எழுதி வைத்ததுதான். நாமோ காந்தியடிகளின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு, அவர் செவிகொடுத்துக் கேட்ட அந்தக் குரல்களை விட்டுவிட்டோம். அவருடைய வழி இன்னதென்று பிள்ளைகளுக்கு விளங்க வேண்டுமானால், அந்தக் குடியானவர்களில் இருவருடைய வாக்குமூலத்தையேனும் வகுப்பில் படித்துக் காட்ட வேண்டாமா?

பெண்களைப் பற்றிய குறை இன்னும் ஆழமானது. இராணிகள் சிலரும், போராடிய வீராங்கனைகள் சிலரும் பாடத்தில் வருகிறார்கள். வீட்டுக்குள் நடந்த வாழ்க்கை சரித்திரமே அல்ல என்று நாம் கருதிவிட்டதால், மற்றப் பெண்கள் வருவதில்லை. ஆனால் அந்த வாழ்க்கையை அவர்களே எழுதியும் வைத்திருக்கிறார்கள். வங்காளத்தில் ராஸசுந்தரி தேவி என்னும் அம்மையார் பன்னிரண்டு வயதில் மணமாகி, பெரிய குடும்பத்தின் சமையற்பொறுப்பை ஏற்று, பன்னிரண்டு குழந்தைகளைப் பெற்றவர். பெண் எழுத்துக் கற்றால் விதவையாவாள் என்று நம்பிய காலம் அது. அவருக்கோ பக்தி நூலொன்றைத் தாமே படிக்க வேண்டுமென்ற தீராத ஆவல். வீட்டிலிருந்த சைதன்ய பாகவதத்தின் ஓர் ஏட்டை எடுத்துச் சமையலறையில் மறைத்து வைத்தார். மகன் எழுதிப் பழகிய பனையோலையையும் எடுத்துக்கொண்டார். அடுப்பு வேலைக்கிடையே இரண்டையும் ஒப்பிட்டு ஒப்பிட்டு, எழுத்தை ஒவ்வொன்றாகக் கற்றார். பிற்காலத்தில் அவர் எழுதிய தன்வரலாறு 1876-இல் வெளிவந்தது. வங்க மொழியில் முழுமையாக எழுதப்பட்ட முதல் தன்வரலாறு என்று அறிஞர்கள் அதனைப் போற்றுகிறார்கள்.

மகாராஷ்டிரத்தில் ஜோதிராவ் புலேயும் சாவித்திரிபாய் புலேயும் 1848 முதல் புனே நகரில் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிகள் நடத்தினர். அங்கே பயின்ற முக்தாபாய் என்னும் சிறுமி, தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட மாங் வகுப்பைச் சேர்ந்தவள். மாங் மக்களும் மஹார் மக்களும் படும் துயரைப் பற்றி அவள் எழுதிய கட்டுரை 1855-இல் ஒரு மராத்திப் பத்திரிகையில் வெளியாயிற்று. வேதம் எங்களுக்கு உரியதல்ல என்று பிறர் சொல்வதானால் எங்களுக்குரிய மதம் எது என்று அவள் கேட்டாள். தலைக்குமேல் கூரையில்லாமல் மழையிலும் குளிரிலும் பிள்ளை பெறும் தன் இனத்துப் பெண்களின் நிலையை எடுத்துரைத்தாள். பதினான்கு வயதளவில் இருந்த ஒரு பெண், அடுத்த ஆண்டுகளில் இந்தியாவையே உலுக்கப்போகும் பெருங்கிளர்ச்சிக்கு முன்னரே, இப்படி எழுதினாள். 1857-ஐப் பற்றிப் பாடம் நடத்தும் நாம், 1855-இல் எழுந்த இந்தக் கேள்வியைக் கூடவே வைத்து நடத்தினால், அக்காலத்து இந்தியா பற்றி மாணவர் மனத்தில் தோன்றும் சித்திரம் எவ்வளவு மாறும்!

இன்னொரு கூட்டத்தார் உண்டு. நாட்டை விட்டே போய்விட்டதால் நாட்டின் சரித்திரத்திலிருந்தும் போய்விட்டவர்கள் அவர்கள். பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தில் அடிமை முறை ஒழிக்கப்பட்டதும், கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. 1834 முதல் மொரீஷியஸுக்கும், பின்னர் மேற்கிந்தியத் தீவுகளுக்கும், 1860 முதல் நேட்டாலுக்கும், 1879 முதல் பிஜிக்கும் ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர் அனுப்பப்பட்டனர். நேட்டாலுக்குச் சென்ற முதற் கப்பலான 'ட்ரூரோ' சென்னையிலிருந்தே புறப்பட்டது. பிஜிக்கு மட்டும் சுமார் 60,000 பேர் போயினர். மொரீஷியஸுக்கு நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர். ஒப்பந்தத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் அவர்கள் வாயில் 'கிர்மிட்' ஆயிற்று. அதனால் அவர்கள் 'கிர்மிட்டியா' எனப்பட்டனர். இம்முறைக்கு ஆள் சேர்ப்பது 1917-இல் நிறுத்தப்பட்டது.

கப்பலேறிய ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டு எழுதப்பட்டது. அதில் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம் ஆகியவற்றோடு, உடலில் உள்ள தழும்பு, மச்சம் முதலிய அடையாளங்களும் குறிக்கப்பட்டன. கூலியாள் யாரென்று அடையாளம் காண்பதற்கும், ஓடிப்போனால் பிடிப்பதற்கும் எழுதப்பட்ட சீட்டு அது. இன்றோ அவர்களுடைய பேரன் பேத்திகளின் மக்கள் அதே சீட்டின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு, பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் தங்கள் முன்னோரின் கிராமத்தைத் தேடி வருகிறார்கள். மொரீஷியஸின் போர்ட் லூயி துறைமுகத்தில் அவர்கள் வந்திறங்கிய இடம் 2006-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. தேடி வருகிறவர் தம் முன்னோரின் பெயரைச் சொல்லும்போது, அந்தக் கிராமத்துப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு, தன் ஊரிலிருந்து அப்படி ஒருவர் போனார் என்பது தெரிந்திருக்க வேண்டும். இன்று அது பெரும்பாலும் தெரிவதில்லை.

இத்தனை சான்றுகளையும் சொல்லியபின் ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இவற்றில் பல, ஆண்டவர்களின் எழுதுகோலால் எழுதப்பட்டவை. வரி வாங்கியவர், வேலை வாங்கியவர், விசாரித்தவர், அஞ்சியவர் எழுதிய குறிப்புகளில்தான் எளியவர் அகப்படுகிறார். அவுரிக் குடியானவர் வங்க மொழியில் சொன்னது ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. பிரான்சிலிருந்து இந்தியச் சிப்பாய்கள் எழுதிய கடிதங்கள் நமக்குக் கிடைப்பதே, அவற்றைத் தணிக்கை செய்த அதிகாரிகள் பகுதி பகுதியாகப் பெயர்த்தெழுதி வைத்ததால்தான். 1855-இல் சித்து, கானு சகோதரர்களின் தலைமையில் எழுந்த சந்தால் மக்களை அரசாங்கக் காகிதங்கள் கலகக்காரர்கள் என்று குறிக்கின்றன. வட்டிக்காரனும் ஜமீன்தாரும் அவர்கள் திருத்திய நிலத்தைப் பறித்த கதையை அக்காகிதங்களின் வரிகளுக்கிடையே நாம் தேட வேண்டியிருக்கிறது. ஆயினும் இங்கும் வழி உண்டு. சந்தால் முதியவர் ஒருவர் தம் மக்களின் பழைய வரலாற்றைத் தம் மொழியிலேயே சொல்ல, அதைக் கேட்டெழுதிய நூலொன்று 1887-இல் அச்சாகியிருக்கிறது. ஒரு பக்கத்துக் காகிதத்தையும் மறுபக்கத்து வாய்மொழியையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே சரித்திரம் பயிலும் முறை.

எளியவர்களைச் சேர்க்க வேண்டுமென்று சொல்லும்போது, பழைய வீரர் பட்டியலை எடுத்துவிட்டுப் புதிய வீரர் பட்டியலை வைப்பதாக யாரும் கொள்ளலாகாது. மனப்பாடம் செய்ய மேலும் இருபது பெயர்கள் சேர்ந்துவிட்டால் பயனில்லை. பாடத்தின் இறுதியில் ஒரு கட்டம் போட்டு, 'பெண்களின் நிலை', 'பழங்குடியினர்' என்று நான்கு வரி எழுதிவிடுவதும் போதாது. பரீட்சைக்கு வாராத கட்டம் என்று பிள்ளைகள் அதைத் தாண்டிப் போவார்கள். 2005-ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டத்துக்குப் பின் எழுதப்பட்ட பாடநூல்கள் சிலவற்றில் ஹாஜி முல்லாவின் சாட்சியத்தைப் போன்ற மூலச் சான்றுகள் பாடத்தின் உள்ளேயே சேர்க்கப்பட்டன. அது நல்ல தொடக்கம். ஆயினும் புத்தகம் திருந்தினால் மட்டும் போதாது. கேள்வி கேட்கும் முறை திருந்த வேண்டும்.

ஆசிரியர்களுக்கு நான் சொல்லக்கூடியது எளிய யோசனைதான். எந்தப் பாடமானாலும் மூன்று கேள்விகளை மாணவர் முன் வையுங்கள். இந்தக் காரியத்தில் உடலால் உழைத்தவர் யார்? இதற்கான செலவையும் துன்பத்தையும் ஏற்றவர் யார்? இந்தச் சித்திரத்தில் காணப்படாதவர் யார்? 1853-இல் பம்பாயிலிருந்து தாணாவுக்கு முதல் பயணிகள் ரயில் ஓடியது என்னும் பாடத்தில், பின்னர் மலைச்சரிவுகளில் பாறை உடைத்துப் பாதை அமைத்த ஆண்களும் பெண்களும் உடனே தோன்றிவிடுவார்கள். 1930-இல் தண்டிக்குக் காந்தியடிகளுடன் புறப்பட்ட 78 தொண்டர்களில் பெண் ஒருவரும் இல்லை என்பதைக் கவனித்த மாணவி, ஏன் என்று கேட்பாள். அக்கேள்வியிலிருந்து, கமலாதேவி சட்டோபாத்தியாயர் போன்றோர் பெண்களுக்கும் இடம் வேண்டுமென்று வாதாடியதும், பின்னர் கடற்கரைகளில் பெண்கள் பெருந்திரளாக உப்புக் காய்ச்சியதும், வேதாரணியத்தில் ருக்மிணி லட்சுமிபதி சிறை சென்றதும் தாமாகவே பாடத்துக்குள் வந்து சேரும். விடை கிடைக்காத இடத்தில், 'இது நமக்குத் தெரியவில்லை. எழுதி வைப்பார் இல்லை' என்று ஆசிரியர் வெளிப்படையாகச் சொல்லலாம். அந்த வெற்றிடத்தைப் பிள்ளைகள் கண்ணால் காண்பதும் ஒரு பாடமே.

இது எளியவர்க்கு இரக்கம் காட்டும் செயல் என்று சிலர் நினைக்கலாம். அவ்வாறன்று, சரித்திரம் சரியாக விளங்குவதற்கே இது வேண்டும். கடன்பட்ட குடியானவனை விட்டுவிட்டால், அவுரித் தொழில் ஏன் சரிந்தது என்பது விளங்காது. நிலமிழந்த சந்தாலை விட்டுவிட்டால், 1855 விளங்காது. முக்தாபாயின் கேள்வியை விட்டுவிட்டால், அதற்குப் பின் வந்த ஒரு நூற்றாண்டுச் சமூகப் போராட்டமும், நமது அரசியலமைப்பில் தீண்டாமை ஒழிப்புக்கு ஏன் ஒரு தனி விதி வைக்கப்பட்டது என்பதும் விளங்கா.

இதில் நாளைய குடிமக்களின் மனநிலையும் அடங்கியிருக்கிறது. வரலாறு எப்போதும் வேறு யாராலோ நடத்தப்பட்டது என்று பத்து ஆண்டுகள் படித்துப் பழகிய பிள்ளை, பெரியவனாகியும் நாட்டு நடப்பு தனக்கு எட்டாத காரியம் என்றே எண்ணுவான். தன்னைப் போன்றவர்கள் எதையும் செய்ததில்லை என்று நம்பும் பெண், தானும் எதையும் செய்ய இயலாதென்று நம்புவாள். முன்னோர்கள் ஏர் பிடித்தும், கல் உடைத்தும், கடல் கடந்தும், கமிஷன் முன் நின்று துணிந்து பேசியும் இந்நாட்டை ஆக்கியவர்கள் என்று அறிந்த பிள்ளையின் நடையே வேறாக இருக்கும். அதேபோல, பெயர்பெற்ற குடும்பத்துப் பிள்ளையும், தன் முன்னோரின் செல்வத்துக்கு உழைத்தவர் யார் என்று அறிவது அவனுடைய கல்விக்கு நன்று.

இக்காரியம் பள்ளிக்கூடத்தோடு நிற்பதுமல்ல. நம் ஒவ்வொருவர் வீட்டிலும் வயது முதிர்ந்தவர்கள் இருக்கிறார்கள். பாட்டி எந்த வயதில் எழுத்துக் கற்றார், அல்லது ஏன் கற்கவில்லை? தாத்தா முதன்முதல் வாங்கிய கூலி எவ்வளவு, யாரிடம்? எந்தக் கிணற்றில் அவர்கள் நீர் எடுக்க முடிந்தது, எதில் முடியவில்லை? பஞ்சத்தில் என்ன உண்டார்கள்? பிள்ளைகள் இவற்றைக் கேட்டு, சொன்னவருடைய பெயரோடும் ஊரோடும் ஆண்டோடும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கட்டும். பாஸ்ராவில் மடிந்தவர்களின் பெயர்கள் ஒரு பதிவேட்டில் இருந்ததனால்தான், அவர்களுக்கு இழைக்கப்பட்ட குறையை இத்தனை காலத்துக்குப் பின்னரேனும் ஒப்புக்கொள்ள முடிந்தது. பெயரை எழுதி வைக்கும் பொறுப்பு இப்போது நம்முடையது. சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுவோம்.